டோபா எரிமலை: நீரிணையின் இக்கரைச் சான்றுகள்

டோபா, இந்தோனேசியாவின் வட சுமத்திராவில் உள்ள எரிமலைப் பெருவாய். பினாங்கின் ஜார்ஜ் டவுனிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து தென்மேற்கே ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அந்தப் பெருவாயை இன்று நிரப்பியிருக்கும் டோபா ஏரியின் நீளம் சுமார் 100 கி.மீ., அகலம் 30 கி.மீ., பெரும ஆழம் 500 மீட்டர். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் இங்கு நிகழ்ந்த வெடிப்பு மனித இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. வெடிப்பு மாபெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் அளவைக் கொண்டே விளைவையும் முடிவுசெய்துவிட முடியாது. பினாங்கை அடுத்துள்ள பேராக்கிலும் தென்னிந்தியாவிலும் கிடைத்த சாம்பல் படிவுகள் இதைத்தான் உணர்த்துகின்றன.

பினாங்குத் தீவில் எரிமலை கிடையாது. கொடிமலை உட்பட அதன் குன்றுகள் கருங்கல்லால் ஆனவை. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு வெளியே வராமல் நிலத்தடியிலேயே ஆறி உறைந்ததால் உருவானவை. சுமத்திராவின் நிலை வேறு. அதன் மேற்குக் கரைக்கு அப்பால், சுண்டா அகழியில், இந்திய-ஆஸ்திரேலியப் புவித்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் சுண்டாத் தட்டின் அடியில் செருகிக்கொண்டிருக்கிறது. ஆழத்துக்குச் சென்ற தட்டிலிருந்து பிரியும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகிய குழம்பு மேலேறி, சுமத்திரா நெடுகிலும் எரிமலை வரிசையாக வெளிப்படுகிறது. டோபாவின் கீழே சேர்ந்த குழம்பு சிலிக்கா மிகுந்தது, பிசுபிசுப்பானது. இத்தகைய குழம்பு எளிதில் வழிந்தோடாது. வாயுக்களை அடக்கி வைத்திருந்து, தாங்க முடியாத நிலையில் வெடித்துச் சிதறும்.

டோபாவில் நான்கு பெருவாய் வெடிப்புகள் அறியப்பட்டுள்ளன. அவை சுமார் 12 லட்சம், 8 லட்சம், 5 லட்சம், 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவை. கடைசி வெடிப்பில் வெளியான குழம்பு சுமார் 2,800 கன கி.மீ. என்று பரவலாக மதிப்பிடப்படுகிறது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ எரிமலை வெளியேற்றியதோ ஏறத்தாழ 5 கன கி.மீ. மட்டுமே. டோபாவில் குழம்பு வெளியேறியதும் மேல்தளம் இடிந்து உள்ளே விழுந்து பள்ளமானது. ஏரி எரிமலையால் உருவானதே என்பதை டச்சு நிலவியலாளர் வான் பெம்மலன் 1939இல் விளக்கினார். பின்னர் கீழிருந்து வந்த அழுத்தம் பள்ளத்தின் தரையையே தூக்கியதால் சமோசிர் தீவு எழுந்தது. ஏரியடியில் படிந்த வண்டல் இன்று அத்தீவின் மேட்டில் கிடப்பது இதற்குச் சான்று. மேற்குக் கரையில் புசுக் புகிட் எரிமலையும் வெந்நீர் ஊற்றுகளும் அடியில் வெப்பம் தணியவில்லை என்பதைக் காட்டுகின்றன.

இந்த வெடிப்பின் சாம்பல் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில் பரவிக் கிடக்கிறது. அங்குள்ள கோத்தா தம்பான் கற்கருவிப் பட்டறையை 1987இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜித் அகழ்ந்தார். சாம்பல் விழுந்ததால் மக்கள் பட்டறையைக் கைவிட்டு ஓடினர் என்ற விளக்கம் அதன் பின் வலுப்பெற்றது. 2012இல் இப்பள்ளத்தாக்கு யுனெஸ்கோ உலக மரபிடமானது. அதே ஆண்டு, லெங்கோங் சாம்பலிலிருந்து எடுத்த படிகங்களை ஆய்வாளர்கள் ஆர்கான் காலக்கணிப்பு முறையில் ஆராய்ந்து, வெடிப்பின் காலம் 73,880 ஆண்டுகளுக்கு முன், பிழை எல்லை 320 ஆண்டுகள் என்று கணித்தனர். அந்த ஆய்வில் அதே பல்கலைக்கழகத்தின் மொக்தார் சைடினும் பங்கேற்றார். ஆகவே காலத்தைச் சொல்வதில் லெங்கோங் உறுதியான சாட்சி.

சாம்பலின் கனத்தைச் சொல்வதில் அந்த உறுதி இல்லை. சில இடங்களில் படிவு பல மீட்டர் இருப்பதால், மலாய்த் தீபகற்பமே சாம்பலில் புதைந்தது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் பிந்தைய ஆய்வுகள், அப்படிவின் பெரும்பகுதி மழையாலும் ஆற்றாலும் அடித்துவரப்பட்டு மீண்டும் படிந்தது என்று காட்டின. சரிவுகளில் விழுந்தது தாழ்விடத்தில் குவிந்தால் படிவு தடிமனாகத் தெரியும். வானிலிருந்து விழுந்த அளவு அதுவாகாது. கருவிகளோடு சாம்பல் கலந்து கிடப்பதை வைத்து மக்கள் ஓடினர் என்று சொல்வதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் டோபா சாம்பலுக்குக் கீழும் மேலும் கிடைத்த கற்கருவிகள் ஒரே மரபின் தொடர்ச்சியாகத் தெரிகின்றன என்று 2007இல் வெளியான ஆய்வு கூறியது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி வண்டலில், சாம்பல் மட்டத்தில் கடுங்குளிருக்கான தடயம் இல்லை என்று 2013இல் மற்றோர் ஆய்வு காட்டியது. அப்படியானால் மனித மரபணுவில் காணும் குறுகலுக்கு, அதாவது வேறுபாடு குறைந்திருப்பதற்கு, என்ன காரணம் என்று கேட்பர். சிறு குழுக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து படிப்படியாகப் புதிய நிலங்களுக்குப் பரவும்போதும் மரபணு வேறுபாடு குறையும்; அதற்கு எரிமலை தேவையில்லை. இத்தனை பெரிய வெடிப்பு குளிரைத் தராமல் இருக்குமா என்பதும் நியாயமான கேள்வியே. உலகைக் குளிர்விப்பது சாம்பலின் பருமன் அல்ல, மேல்வளிமண்டலத்தை எட்டும் கந்தகம். டோபா எவ்வளவு கந்தகத்தை உமிழ்ந்தது என்பதில் மதிப்பீடுகள் பெரிதும் மாறுபடுகின்றன. வெடிப்பு நிகழ்ந்த சுமத்திராவில் பேரழிவு நேர்ந்திருக்கும். அதை உலகம் முழுவதற்கும் விரிக்கச் சான்று போதாது.

இதனால் சுமத்திராவின் நிலத்தடி இயக்கம் பினாங்குக்குப் பொருட்டல்ல என்றாகாது. டோபாவுக்கு அருகிலுள்ள சினாபுங், பல நூற்றாண்டு அமைதிக்குப் பின் 2010இல் வெடித்தது. சுமத்திராவில் எரிமலைகளை உருவாக்கும் அதே தட்டுச் செருகல்தான் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் எழுப்பியது. அதில் மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். பினாங்குக் கடற்கரை மக்கள் கவனம் வைக்க வேண்டியது 74,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெடிப்பின் மீதன்று. மேற்கே கடலடியில் ஓயாமல் நடக்கும் அந்தத் தட்டு நகர்வின் மீது.