கப்பலில் முதலில் போனது கட்டம் போட்ட துணி

திருவாலங்காட்டிலிருந்து திருத்தணியைத் தாண்டிப் போனால் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம். லுங்கி நெசவு ஊர்கள். என் தாத்தா அந்தப் பக்கத்தில் குழித்தறியில் நெய்தவர். ஊடையில் நாலு இழை கூடினாலே கட்டம் நீண்டுவிடும். மடித்து அடுக்கும்போது கட்டத்தோடு கட்டம் சேராது. கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் நாடா தள்ளும்போது அவர் யாரோடும் பேசமாட்டார்.

அந்தக் கணக்குச் சுத்தத்துக்குத்தான் கடல் கடந்து ஆள் வந்தது. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பியது துணி வியாபாரத்துக்காக. இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமென்றால் இந்தக் கரையின் துணி கையில் இருக்க வேண்டும். மலாய் ஆண்கள் தொழுகைக்கு உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் பழவேற்காட்டின் பெயர்தான்.

மேற்கே போனது மெட்ராஸ் கைக்குட்டை. பெயர்தான் கைக்குட்டை, ஏறத்தாழ ஒரு கஜச் சதுரக் கட்டத்துணி. மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்க ஐரோப்பியர் கொடுத்த சரக்கில் இந்தியப் பருத்தித் துணியும் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை. நைஜர் கழிமுகத்துக் கலபாரிப் பெண்கள் அந்தத் துணியிலிருந்து சில இழைகளை அறுத்து உருவி, நெய்தவன் நினைத்தே பார்க்காத புதுக் கோலம் ஒன்றை எடுத்தார்கள். கரிபியன் தீவுகளான மார்தினிக், குவாதலூப்பில் கறுப்பினப் பெண்கள் மெட்ராஸ் கைக்குட்டையைத் தலையில் கட்டினார்கள். வெளிர் கட்டங்களில் மஞ்சள் சாயத்தைத் தூரிகையால் தீட்டி எடுப்பாக்கினார்கள்.

அதன் பிறகுதான் நம் ஆட்கள் போனார்கள். 1853-இல் மார்தினிக், அடுத்த ஆண்டு குவாதலூப். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள், கரும்புத் தோட்ட வேலைக்கு. எங்கள் ஊரான திருவாலங்காட்டுக் கோயிலில் முக்தி பெற்ற காரைக்கால் அம்மையார் பிறந்த அதே காரைக்கால். கரையிறங்கியபோது, முன்பின் தெரியாத பெண்களின் தலையில் தங்கள் கரையின் கட்டத்துணியைப் பார்த்திருப்பார்கள். இரண்டு தீவுகளுக்குமாக அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். காலப்போக்கில் அவர்கள் பேத்திகளுக்கும் அதுவே விழா உடையானது, கிரியோல் உடை என்ற பெயரில். புலம்பெயர்ந்தோர் உடை என்றதும் பெட்டியில் எடுத்துப்போன புடவையைப் பற்றியே எழுதுகிறோம். எதிர்கொண்டு நின்ற இந்தத் துணியை விட்டுவிடுகிறோம்.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. நல்ல காரியம். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அந்தக் கோட்டைக்குத் துணி கொடுத்த தறிகளைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும்.