குளோரைடு பாலம்: எலக்ட்ரான் கடந்த வழி கண்டறியப்பட்ட வரலாறு

நீரில் கரைந்துள்ள இரு உலோக அயனிகளுக்கிடையே எலக்ட்ரான் எவ்வழியே கடக்கிறது என்பது 1950களின் தொடக்கம் வரை தெளிவாகத் தெரியவில்லை. வினையின் வேகத்தை அளக்க முடிந்தது. ஆனால் எலக்ட்ரான் சென்ற வழியை அறிய முடியவில்லை.

இரும்பு +2, இரும்பு +3 அயனிகள் தமக்குள் எலக்ட்ரானை மாற்றிக்கொள்ளும்போது புதிய பொருள் எதுவும் உருவாவதில்லை. எனவே ஒரு வகை அயனியில் கதிரியக்க இரும்பைச் சேர்த்து, அது மற்ற வகையில் தோன்றும் வேகத்தை அளந்தனர். 1952இல் சில்வர்மன், டாட்சன் ஆகியோர் பெர்குளோரிக் அமிலக் கரைசலில் இவ்வாறு ஆராய்ந்தனர். அமிலச் செறிவு குறைந்தபோது வினை விரைவடைந்தது. இரும்பு +3 அயனியோடு இணைந்த நீர் மூலக்கூறு ஒன்று புரோட்டானை இழந்து ஹைட்ராக்சைடு ஆவதே இதற்குக் காரணம். அந்த ஹைட்ராக்சைடு இரு அயனிகளையும் இணைக்கும் பாலமா என்பதை மட்டும் இம்முறையால் நிறுவ இயலவில்லை. இரும்பு அயனிகள் தம்மோடு இணைந்த ஈனிகளை விரைவாக மாற்றிக்கொள்வதால், வினைக்குப் பின் தடயம் எஞ்சுவதில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹென்றி டௌபி, தடயம் எஞ்சும் அயனி இணையைத் தேர்ந்தெடுத்தார். கோபால்ட் +3 தன் ஈனிகளை எளிதில் விடாது. குரோமியம் +2 எளிதில் விடும். எலக்ட்ரான் கடந்ததும் நிலைமை தலைகீழாகும்: கோபால்ட் +2 எளிதில் விடும், குரோமியம் +3 விடாது.

1953இல் டௌபியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், ஐந்து அம்மோனியாவும் ஒரு குளோரைடும் கொண்ட கோபால்ட் +3 அணைவு அயனியை அமிலக் கரைசலில் குரோமியம் +2 உடன் வினைபுரியச் செய்தனர். முடிவில் குளோரைடு குரோமியத்தோடு இணைந்திருந்தது. கரைசலில் தனியே சேர்க்கப்பட்ட கதிரியக்கக் குளோரைடோ குரோமியத்தோடு இணையவில்லை. எனவே அந்தக் குளோரைடு கோபால்ட்டிலிருந்து நேராகவே வந்திருக்க வேண்டும். எலக்ட்ரான் கடந்த நேரத்தில் அது இரு உலோகங்களையும் ஒருசேரப் பற்றியிருந்தது உறுதியாயிற்று. இது உட்கோள வழிமுறை எனப்படுகிறது.

குளோரைடுக்குப் பதில் ஆறாவது அம்மோனியா இருந்தால், வினை சுமார் ஆயிரம் கோடி மடங்கு மெதுவாகிறது. உலோகத்தோடு பிணைந்த அம்மோனியாவிடம் இன்னோர் உலோகத்துக்குக் கொடுக்க எலக்ட்ரான் இரட்டை இல்லை. ஆகவே அது பாலமாக முடியாது. இத்தகைய பாலமற்ற, வெளிக்கோள வினைகளின் வேகத்தை விளக்கும் கோட்பாட்டை ருடால்ஃப் மார்கஸ் 1956 முதல் உருவாக்கினார்.

வேதியியலுக்கான நோபல் பரிசு 1983இல் டௌபிக்கும் 1992இல் மார்கஸுக்கும் வழங்கப்பட்டது. வேகத்தை அளப்பதோடு நில்லாமல், விளைபொருளில் எது எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்ததே வினை நடந்த வழியைக் காட்டிக்கொடுத்தது.