ஆங்கில அணிகள்

ஆங்கில அணிகள் என்பவை, ஆங்கில மொழியில் சொற்களை நேர்ப்பொருளில் இருந்து விலக்கியோ வழக்கமான அமைப்பில் இருந்து மாற்றியோ பயன்படுத்திக் கருத்தை உணர்த்தும் முறைகள் ஆகும். இவை இலக்கியத்தில் மட்டுமன்றி அன்றாடப் பேச்சு, செய்தி, விளம்பரம் ஆகியவற்றிலும் காணப்படுகின்றன.

வரலாறு

ஆங்கில அணிகளின் பெயர்களில் பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் மொழிகளில் இருந்து வந்தவை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிசுட்டாட்டிலும் கி.பி. 1ஆம் நூற்றாண்டில் உரோமானிய ஆசிரியர் குவின்டிலியனும் அணிகளைப் பற்றி எழுதினர். சார்ச்சு புட்டன்காம் எழுதியதாகக் கருதப்படும் 1589 ஆம் ஆண்டு நூலொன்று அணிகளுக்கு ஆங்கிலப் பெயர்களைச் சூட்ட முயன்றது. மிகைக்கூற்றுக்கு அது, உரக்கப் பொய் சொல்பவன் என்னும் பொருள்பட ஒரு பெயர் தந்தது.

முக்கிய வகைகள்

* உவமை (சிமிலி): 'லைக்', 'ஆசு' ஆகிய உவம உருபுகளால் ஒப்பிடுவது. எடுத்துக்காட்டு: 'பிசி ஆசு எ பீ', தேனீயைப் போல் சுறுசுறுப்பான.
* உருவகம் (மெட்டஃபர்): உருபின்றி ஒன்றை மற்றொன்றாகவே கூறுவது. ஒருவரைச் சிங்கம் என்றால் வீரம் மட்டுமே ஏற்றப்படுகிறது. வாலும் பிடரியும் விலக்கப்படுகின்றன. பேசப்படும் பொருளையும் அதனை விளக்க வரும் பொருளையும் ஐ. ஏ. ரிச்சர்ட்சு 1936 இல் தனித்தனிக் கலைச்சொற்களால் பிரித்துக் காட்டினார்.
* ஆகுபெயர் (மெட்டானிமி): தொடர்புடைய பொருளின் பெயரால் சுட்டுவது. 'தி கிரௌன்' (மணிமுடி) என்பது அரசைக் குறிக்கும்.
* சினையாகுபெயர் (சினெக்டக்கி): உறுப்பால் முழுமையைச் சுட்டுவது. 'ஆண்ட்சு' (கைகள்) என்பது தொழிலாளரைக் குறிக்கும்.
* எதிர்மறைக் குறைகூற்று (லிட்டோட்டீசு): எதிர்ச்சொல்லை மறுத்துக் கூறுவது. 'நாட் பேட்' என்பது நேர்ப்பொருளில் 'மோசமில்லை' எனினும், பல இடங்களில் நன்று என்றே பொருள்படும்.
* முரண்தொடர் (ஆக்சிமோரன்): 'ஓப்பன் சீக்ரெட்', அதாவது வெளிப்படையான இரகசியம். கூர்மை, மழுக்கம் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆன இப்பெயரே ஒரு முரண்தொடர் ஆகும்.
* மிகைக்கூற்று (ஐப்பர்போலி): 'ஆயிரம் முறை சொல்லிவிட்டேன்' என்பது போல அளவைக் கடந்து கூறுவது.

சட்டத்தில்

ஒரு கூற்று அணியா, வாக்குறுதியா என்பது சில வேளைகளில் நீதிமன்றத்தில் முடிவாகிறது. தனது புகைப்பந்தை முறைப்படி பயன்படுத்தியும் இன்ஃபுளுவென்சா கண்டவருக்கு 100 பவுண்டு தருவதாக 1891 இல் ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது. நோய் கண்ட கார்லில் என்னும் பெண் பணம் கேட்டபோது, அது வெறும் விளம்பர மிகை என்று நிறுவனம் வாதிட்டது. அவ்விளம்பரம் வங்கியில் 1000 பவுண்டு வைப்பிட்டிருப்பதாகவும் கூறியதால், 1892 இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. மாறாக, 70 இலட்சம் புள்ளிகளுக்குப் போர் வானூர்தி என்ற பெப்சி விளம்பரத்தை நகைச்சுவை என்றே 1999 இல் நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் கொண்டது.

தமிழ் அணிகளுடன் ஒப்பீடு

மிகைக்கூற்று, தமிழின் உயர்வு நவிற்சி அணியை ஒத்தது. ஆனால் எல்லா அணிகளும் இவ்வாறு பொருந்துவதில்லை. அஃறிணைப் பொருளுக்கு மனித இயல்பை ஏற்றும் 'பெர்சானிஃபிகேசன்', தற்குறிப்பேற்ற அணியுடன் பெரும்பாலும் குழப்பப்படுகிறது. இயல்பாக நிகழும் நிகழ்ச்சிக்குப் புலவர் தாமே ஒரு காரணத்தைக் கற்பித்தால் மட்டுமே அது தற்குறிப்பேற்றம் ஆகும். மேலும், ஆங்கிலத்தில் அணியாகக் கொள்ளப்படும் ஆகுபெயர், நன்னூலில் பெயரியலில் கூறப்படுகிறது.