ஆடியும் களிம்பும்

செம்பிற் களிம்பு என்னும் உவமையை நம் சித்தாந்த நூல் பயின்றார் நன்கறிவர். ஆண்டுக் கூறிய களிம்பு செம்போடு உடன்தோன்றியது. ஈண்டு யாம் கூறப்புகுவது காற்றிலிருந்து வந்து பற்றுவது. ஆதலின் அவ்வுவமையை இதன்மேல் நீட்டற்க.

1668-ஆம் ஆண்டில் ஐசக் நியூட்டன் தம் கையாற் செய்த தொலைநோக்கிக்குச் செம்பும் வெள்ளீயமும் சேர்த்துருக்கிய வெள்ளிய வெண்கலத்தாலேயே ஆடி சமைத்தார். இவ்வுலோகம் மெருகிட்ட புதிதிலும் தன்மேல் விழும் ஒளியில் மூன்றிலிரு பங்கையே மீட்டுத் தரும். ஈரமும் புகையும் பட்டால் அதுவும் குறையும்.

மங்கினால் துலக்கிக்கொள்ளலாமே எனின், பூசைக் குத்துவிளக்கிற்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ஆடியின் குழிவு மயிரிழையில் ஐந்நூற்றிலொரு பங்கு பிழைப்பினும் விண்மீனின் உருவம் சிதையும். துலக்குங் கை களிம்போடு குழிவையும் தேய்த்துவிடுமாகலின், ஒவ்வொரு முறை துலக்குதலும் ஆடியைப் புதிதாகக் கடைதலோடொக்கும். 1789-இல் வில்லியம் எர்செல் முடித்த நாற்பதடிக் கருவியின் 48 அங்குல ஆடியும் இங்கிலாந்தின் ஈரக்காற்றில் மங்கி அவரை அலைக்கழித்தது. 1845-இல் அயர்லாந்தில் ரோசுப் பிரபு நிறுவிய 72 அங்குலக் கருவிக்கோ ஆடிகள் இரண்டு வார்க்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று டன்னுக்குக் குறையாது. ஒன்று வானை நோக்கி நிற்க, மற்றொன்று மெருகிற்குச் செல்லும். செல்வர்க்கு இஃது இயலும். 1869 முதல் மெல்போர்னில் இயங்கிய 48 அங்குலக் கருவியோ, மெருகிடும் வல்லுநர் அயர்லாந்திலும் தான் கடல்கடந்தும் இருந்தமையால், களிம்பேறிப் பயன் குன்றிற்று.

உருவையும் ஒளியையும் வெவ்வேறு பொருளில் வைத்தபோதே வழி பிறந்தது. 1856, 1857-ஆம் ஆண்டுகளில் இசுடைன்கைலும் பூக்கோவும் கண்ணாடியைக் குழிவாகக் கடைந்து, அதன்மேல் வெள்ளியை மென்படலமாகப் படியவைத்தனர். வெள்ளி மங்கின், அமிலத்தாற் கரைத்துப் புதிது படிவிக்கலாம். கண்ணாடியின் குழிவு கெடாது. எனினும் நகரப் புகையிற் கலந்த ஐதரசன் சல்பைடு, நூறு கோடியிற் சில பங்கேயாயினும், வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ஆகவே அப்பணி ஓயாது நேர்ந்தது.

1932-இல் சான் சுட்ராங்கு என்பார் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி ஆடியிற் படியச் செய்தார். 1935-இல் வில்சன் மலையின் 100 அங்குல ஆடியும் அவ்வாறே பூசப்பெற்றது. அலுமினியமும் காற்றுப்பட்ட மாத்திரத்தே மேற்படலங் கொள்வதே. ஆனால் அப்படலம் ஒளியை மறையாது. தன்கீழுள்ள உலோகத்தைக் கந்தகப் புகையினின்றுங் காக்கும்.