நினைவிழந்த துணையும் நம் முன்னோர் எழுதிய சட்டமும்

சென்ற ரமலானுக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளி காலியான பின்னரும் ஒரு பெரியவர் தூணருகே அமர்ந்திருந்தார். எழுபதைக் கடந்தவர். நம் ஊர்க் கடைத்தெருவில் நெடுங்காலம் ஜவுளி வணிகம் செய்து, இப்போது கடையைப் பிள்ளைகள் கையில் ஒப்படைத்துவிட்டவர். நாம் அருகில் சென்று, "என்ன காக்கா, யோசனையாக இருக்கிறீர்கள்?" என்று வினவினோம். சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும். கேட்கவும் வெட்கமாக இருக்கிறது" என்றார்.

அவருடைய மனைவியாருக்கு மூன்றாண்டுகளாக மறதி நோய். லுஹரைத் தொழுது முடித்துவிட்டு, மறுபடியும் ஒளுச் செய்து லுஹருக்கே நிற்கிறார். என்றோ மௌத்தாகிவிட்ட தம் தாயார் ஏன் இன்னும் வரவில்லை என்று மாலைதோறும் கேட்கிறார். இவற்றையெல்லாம் பெரியவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமற் போனது வேறொன்று. அண்மைக் காலமாக அவர் அறைக்குள் நுழைந்தால், அந்த அம்மையார் முந்தானையை இழுத்து முக்காடிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். பிற ஆடவர் உள்ளே வந்திருக்கிறார், வெளியே போகச் சொல் என்று மருமகளிடம் முறையிடுகிறார்.

"ஐம்பது வருடம் குடும்பம் நடத்தினேன், ஹஜ்ரத். இப்போது நான் அவளுக்கு அந்நியனா? குளிப்பாட்டவும் துணி மாற்றவும் போனால் கூசிப்போய் அழுகிறாள். நான் கை வைக்கலாமா, கூடாதா? துணைக்கு ஒரு பெண்ணை வைக்கலாம் என்றால், உம்மாவுக்குத்தான் ஒன்றும் தெரிவதில்லையே, ஆள் எதற்கு, வீண் செலவுதானே என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்."

நிக்காஹ் நிலைத்தே இருக்கிறது, அவர் அறியாவிட்டாலும் நீங்கள் அவருக்கு அந்நியர் அல்லர் என்று அன்று சுருக்கமாகக் கூறி அனுப்பினோம். ஆயினும் அவர் கேட்டதற்கு அது முழுமையான விடையன்று என்பது நமக்கே தெரிந்திருந்தது. அதன்பின் பல இரவுகள் பழைய கிதாபுகளைப் புரட்டினோம். அங்கே கண்டவற்றை இம்மாத இதழின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இந்நிலையைத் திருமறை அறியாமல் இல்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70ஆம் வசனத்திலும் அல்ஹஜ் அத்தியாயத்தின் 5ஆம் வசனத்திலும், அறிந்திருந்தவற்றையெல்லாம் அறியாதவராகிவிடும் தளர்ந்த வயதுவரை மனிதருள் சிலர் கொண்டுசெல்லப்படுவது பேசப்படுகிறது. அரபியில் அதற்கு 'அர்தலுல் உமுர்' என்று பெயர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த வயதிலிருந்து அல்லாஹ்விடம் காவல் தேடியுள்ளார்கள். அந்த துஆவை ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் தம் மக்களுக்கு, பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியரைப் போல் கற்பித்து வந்ததாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். தாமே பிற்காலத்தில் அந்நிலையை அடையக்கூடும் என்ற அச்சம் அந்த மாவீரருக்கும் இருந்திருக்கிறது.

மூவரைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற நபிமொழி நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிந்ததே. உறங்குபவர் விழிக்கும்வரை, சிறுவர் பருவமடையும்வரை, மதியிழந்தவர் தெளியும்வரை அவர்கள்மீது குற்றம் எழுதப்படுவதில்லை. ஹிஜ்ரி 275இல் மறைந்த இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்கள் இந்நபிமொழியைப் பல வழிகளில் பதிவு செய்தபின், இப்னு ஜுரைஜ் வழியாக வரும் அறிவிப்பில் 'கரிஃப்' என்றொரு சொல் கூடுதலாக இருப்பதைக் குறித்துச் செல்கிறார்கள். முதுமையால் அறிவு கலங்கியவர் என்பது அதன் பொருள். இந்த அறிவிப்பின் தொடர் அறுபட்டது, காஸிம் இப்னு யஸீத் என்பார் அலீ (ரலி) அவர்களைச் சந்தித்தவரல்லர் என்று ஹதீஸ் கலை வல்லுநர் எழுதியிருக்கின்றனர். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் அந்த ஒற்றைச் சொல்லே ஒரு பேரறிஞரை நின்று சிந்திக்க வைத்தது.

அவர்தாம் இமாம் தகிய்யுத்தீன் சுப்கீ (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 683இல் பிறந்து 756இல், அதாவது கி.பி. 1355இல் மறைந்தவர்கள். டமாஸ்கஸ் நகரின் தலைமைக் காஜியாக விளங்கிய ஷாஃபி மத்ஹபு மேதை. எழுதுகோல் உயர்த்தப்பட்ட இந்த ஒரு நபிமொழிக்கென்றே அவர்கள் தனி நூல் ஒன்றை யாத்தார்கள். அதில் 'கரிஃப்' பற்றி அவர்கள் கூறுவதன் கருத்து இது: முதுமையால் அறிவு கலங்கியவர் நன்மை தீமை பிரித்தறிய இயலாதவராகி, மார்க்கக் கடமைகளின் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுகிறார். ஆனால் அதைப் பைத்தியம் என்று சொல்லக்கூடாது. பைத்தியம் கரும்பித்த நோய்களால் வருவது, மருத்துவத்துக்கு இணங்குவது. முதுமைக் கலக்கம் அத்தகையதன்று. ஆதலால்தான் மற்ற மூவருக்கும் விழிக்கும்வரை, பருவமடையும்வரை, தெளியும்வரை என்று எல்லை கூறப்பட்டிருக்க, இவருக்கு மட்டும் அப்படி ஓர் எல்லை கூறப்படவில்லை. பெரும்பாலும் மரணம்வரை அது நீங்குவதில்லை.

நம் மேடைகளில் சிலர், இன்றைய விஞ்ஞானம் கண்டதனைத்தையும் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று முழங்குவதுண்டு. நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களல்லர். கரும்பித்தம் என்ற பழைய மருத்துவக் கொள்கையை இன்றைய நவீன மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் பைத்தியக்காரி என்று தெருப்பிள்ளைகள் ஏளனம் செய்யும் ஒரு மூதாட்டியைக் குறித்து, அப்பெயர் இவருக்குப் பொருந்தாது என்று ஒரு காஜி அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்திருப்பது சிறிய செய்தியன்று. ஹனஃபி நூல்களிலும் இத்தகைய பகுப்பு உண்டு. 'நூருல் அன்வார்' ஓதியவர்கள், பைத்தியத்தையும் 'அத்ஹ்' என்னும் அறிவுக் குறையையும் தனித்தனியே கூறி, பின்னவரை விவரம் தெரிந்த சிறுவருக்கு ஒப்பிடும் பகுதியை நினைவுகூர்வர்.

இந்த மறதியை மிக அருகிலிருந்து பார்த்தவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள்தாம். மனப்பாடமே அவர்தம் முதலீடு. ஓர் ஆசிரியரின் நினைவு முதுமையில் கலங்கிவிட்டால் அவர் அறிவிப்பதை ஏற்க முடியாது. அக்கலக்கத்துக்கு 'இக்திலாத்' என்று பெயரிட்டு, யார் யாருக்கு அது நேர்ந்தது, எப்போது நேர்ந்தது, அதற்கு முன் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்றெல்லாம் ஆராய்ந்து பட்டியலிட்டனர். இதில் ஒரு கடுமை இருப்பதாகத் தோன்றலாம். ஆயினும் அந்த ஏடுகளில் குடும்பங்களின் கண்ணியத்தையும் காண்கிறோம். பஸராவின் ஜரீர் இப்னு ஹாஸிம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 170இல் மறைந்தவர்கள். அன்னாருக்கு நினைவு கலங்கத் தொடங்கியதும், அவருடைய மைந்தர்கள், தாமும் ஹதீஸ் கற்றவர்களாதலால், அதை உணர்ந்து அவரை அறிவிக்கவிடாமல் காத்துக்கொண்டனர். கலங்கிய நிலையில் அவரிடமிருந்து எவரும் எதையும் கேட்கவில்லை. ஹஜ்ஜாஜ் இப்னு முஹம்மத் (ரஹ்) அவர்கள் கடைசியாக பக்தாத் வந்தபோது பேச்சுத் தடுமாறக் கண்ட யஹ்யா இப்னு மயீன் (ரஹ்) அவர்கள், இனி எவரையும் உள்ளே விடாதே என்று அவர் மகனிடம் கூறினார்கள். தந்தையின் தடுமாற்றம் ஊரார் வாயில் விழாமல் காப்பதும் ஒரு பணிவிடை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இப்படி நினைவு கலங்கியோரைத் தொகுத்து நூல் செய்தவர்களுள் ஒருவர் அலெப்போவின் சிப்து இப்னுல் அஜமீ (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 841இல் மறைந்தவர்கள். அன்னாரையே பிற்காலத்தில் பக்கவாதம் தாக்கி, அனைத்தும் மறந்துபோயின. அல்ஹம்து சூராவும் நினைவிலில்லை. பிறகு அல்லாஹ் அருளால் தேறி, குழந்தை கற்பதுபோல் சிறுகச் சிறுக மனப்பாடம் திரும்பியது. பக்கவாதத்தால் வந்தது ஆதலின் மீட்சி கிட்டியது போலும். முதுமையால் வந்ததற்கு அந்த மீட்சியைக் கண்டோரில்லை.

மருந்து தேடாமலும் அவர்கள் இருக்கவில்லை. கைரவானின் இப்னுல் ஜஸ்ஸார் என்ற மருத்துவர் பத்தாம் நூற்றாண்டில் மறதிக்கும் அதன் சிகிச்சைக்குமென ஒரு நூலே எழுதினார். அரபு மருத்துவர்கள் நினைவாற்றலுக்கென்று பெரிதும் நாடிய சரக்கு 'பலாதுர்'. அது வேறொன்றுமில்லை. நம் சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டைதான். இந்திய மண்ணிலிருந்து சென்ற அச்சரக்கின் பெயரையே 'ஃபுதூஹுல் புல்தான்' எழுதிய வரலாற்றாசிரியர் பலாதுரீயும் சுமந்து நிற்கிறார். விவரமறியாமல் அதைப் பருகி மதி கலங்கி, பீமாரிஸ்தானில் கட்டிவைக்கப்பட்டு அவர் மாண்டார் என்று இப்னுந் நதீம் எழுதுகிறார். நினைவுக்கென்று கொண்ட மருந்தே நினைவைக் கொண்டுபோன கதை!

இன்று நாம் அல்ஸைமர் என்றழைக்கும் நோயின் வரலாறும் ஒரு தம்பதியரின் வீட்டில்தான் தொடங்கியது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ரயில்வே எழுத்தர் ஒருவரின் மனைவி அகுஸ்தே தேட்டர். வயது 51. காரணமின்றிக் கணவர்மேல் ஐயம், மறதி, வீட்டு வேலையில் தடுமாற்றம். கணவர் தம்மால் இயன்றவரை தாங்கி, 1901 நவம்பரில் மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார். அங்கே அவரைக் கண்டவர் டாக்டர் அலோயிஸ் அல்ஸைமர். 1906 ஏப்ரலில் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, அவ்வாண்டு நவம்பரில் அறிஞர் அவையில் டாக்டர் அறிவித்தார். 1910இல் நோய்க்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நூறாண்டுக்கு மேலாகியும் நோயின் வேகத்தைச் சற்றுத் தணிக்கும் மருந்துகளே கிட்டியுள்ளன. முற்றாக நீக்கும் மருந்து இல்லை. ஆக, எஞ்சியிருப்பது பணிவிடை ஒன்றுதான். அதைச் செய்யக் கடமைப்பட்டவர் யார்?

பயான்களில் நாம் அய்யூப் நபி (அலை) அவர்களின் துணைவியாரைப் போற்றுகிறோம். நோயுற்ற கணவரைக் கைவிடாத அம்மாதரசியின் பொறுமை போற்றத்தக்கதே. ஆனால் நோயுற்ற மனைவிக்குப் பணிவிடை செய்த கணவரின் வரலாற்றை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்? ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போருக்குப் படை புறப்பட்ட வேளையில், உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியாரும் நபிகளாரின் அருமை மகளாருமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். மனைவியின் அருகிலிருக்குமாறு உஸ்மான் (ரலி) அவர்களுக்கு நபிகளார் பணித்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் போர்ப்பொருளில் பங்கும் உமக்குண்டு என்றார்கள். நோயாளியின் கட்டிலருகே நின்றவர் பத்ருப் படையில் நின்றவராக எண்ணப்பட்டார். ருகையா (ரலி) அவர்கள் அந்நோயிலேயே மறைந்தார்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபி மதரஸாக்களில் மதிப்போடு ஓதப்படும் 'மின்ஹாஜ்' நூலை இயற்றிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676இல் மறைந்தவர்கள். மனைவியின் ஜீவனாம்சம் பற்றிய பாடத்தில் நமக்கு முதலில் கண்ணில் படுவது கசப்பான செய்தி. நோய்க்கான மருந்தும் மருத்துவர் கூலியும் கணவன்மீது கடமையல்ல என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. இதைச் சொல்ல நாம் கூசவில்லை. பிற மத்ஹபுகளிலும் முற்கால அறிஞர் பலர் இவ்வாறே கூறினர். வீட்டைப் பேணும் செலவு குடியிருப்பவருக்கு, வீட்டையே செப்பனிடும் செலவு உரியவருக்கு என்பது போன்ற ஒப்புமையில் அவர்கள் நின்றனர். மருத்துவம் அன்று அன்றாடத் தேவையாகக் கருதப்படவில்லை. காலம் மாறியபின் அறிஞர்களும் மாறினர். எகிப்து நாட்டில் 1985இல் இயற்றப்பட்ட 100ஆம் எண் சட்டம், உணவு, உடை, உறையுளோடு சிகிச்சைச் செலவையும் மனைவியின் ஜீவனாம்சத்தில் சேர்த்தது.

ஆனால் அதே பாடத்தில், அதே இமாம் எழுதிய இன்னொரு வரியை நாம் ஓதியும் கவனியாமல் கடந்திருக்கிறோம். தன் வேலையைத் தானே செய்துவந்த மனைவியாயினும், நோயாலோ தீராத உடற்குறையாலோ பணிவிடை தேவைப்படும் நிலை வந்தால், அவளுக்குப் பணியாள் அமர்த்துவது கணவன்மீது கட்டாயம். செல்வன், ஏழை என்ற வேற்றுமை இதில் இல்லை. மருந்தைக் கடமையாக்காத இமாம் பணிவிடையைக் கடமையாக்கினார்கள்! மருந்தால் நீங்காத ஒரு நோய்க்கு வேண்டியது எதுவோ, அது அங்கே எழுதப்பட்டிருக்கிறது. உரையாசிரியர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். ஆள் செலவைத் தவிர்ப்பதற்காக, நானே அவளுக்குப் பணிவிடை செய்கிறேன் என்று கணவன் முன்வந்தால், மனைவி அதற்கு இசைந்தே தீர வேண்டுமென்பதில்லை. ஏனெனில், சில பணிகளைக் கணவன் செய்ய அவள் நாணுவாள்.

அந்த வரியைக் கண்டபோது கிதாபை மூடிவைத்துவிட்டோம். சுவர்ப்பக்கம் திரும்பி முக்காடிட்ட அந்த அம்மையார் நம் கண்முன் வந்தார். கணவர் யாரென்பது மறந்தும் நாணம் அவருக்கு மறக்கவில்லை. அந்த நாணத்துக்கு மதிப்பளித்துச் சட்டம் எழுதியிருக்கிறார்கள்.

மறு வெள்ளியன்று பெரியவரை அழைத்து உட்காரவைத்து விளக்கினோம். தொழுகையைப் பற்றி வருந்தாதீர்கள், தெளிவு இருக்கும் நேரத்தில் தொழுவது போதும், இரண்டு முறை தொழுதால் தடுத்து அதட்ட வேண்டாம். நீங்கள் கை வைப்பது ஹராமன்று. ஆனால் அவர் கூசும் பணிகளுக்கு ஒரு பெண்ணை அமர்த்துங்கள். அது உங்கள் தயவன்று, அவருடைய உரிமை. கடை வருமானத்தில் உங்கள் பங்கிலிருந்து அதற்குக் கொடுப்பது வீண் செலவாகாது. அறைக்குள் நுழையுமுன் வாசலில் நின்று ஸலாம் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு முதன்முறையாகச் சிரித்தார். "ஸலாத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிடுவாள், ஹஜ்ரத். யாரோ வந்தவருக்குச் சொல்வதுபோல் சொல்வாள்" என்றார்.

எழுந்து போகும்போது, மின்ஹாஜில் உள்ள அந்த வரியைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டார். இமாமின் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்தோம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கடையைப் பூட்டுமுன் போய்க் காட்ட வேண்டுமென்று அஸருக்கு முன்பே கிளம்பிவிட்டார்.