வால்வு இல்லாத காலத்துக் கைப்பழக்கம்

பெரம்பலூர் - அரியலூர் சாலையில் ஒரு சின்னப் பட்டறை. ரேஸுக்காக ஏற்றிக்கொண்டிருந்த என் 150 சிசி என்ஜினின் ஹெட்டைத் திறந்தோம். பிஸ்டன் தலையில் பிறை மாதிரி ஒரு வடு. எக்ஸாஸ்ட் வால்வு வளைந்திருந்தது. "கம்ப்ரஷனுக்காக ஹெட்ட லேத்துல சீவுனோம்ல தம்பி, அதான். ஆர்எக்ஸ் 100-ல எத்தனையோ சீவியிருக்கேன், ஒண்ணும் ஆனதில்ல" என்றார் மெக்கானிக் அண்ணன்.

ஏன் ஆகவில்லை என்று யோசித்தால், பதில் பழைய கதையில் இருக்கிறது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. 1980களில் ராஜ்தூத் 350, இண்ட்-சுசுகி, 1985-ல் ஆர்எக்ஸ் 100 என்று வரிசையாக டூ ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. அவற்றில் பிஸ்டனுக்கு எதிரே இறங்கி வரும் வால்வே கிடையாது. ஹெட்டைச் சீவலாம், போர்ட்டை ராவலாம். தப்பானால் பிஸ்டன் உருகும், அவ்வளவுதான். பந்தயம் 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. 2000-ல் புகை விதிகள் இறுகின. 2001-ல் பல்சர், 2006-ல் அப்பாச்சி. வண்டி ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிவிட்டது. கை மட்டும் டூ ஸ்ட்ரோக்கிலேயே நின்றுவிட்டது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு இடைவெளிகள். ஒன்று டேப்பட் கேப். ஃபீலர் கேஜ் வைத்துப் பார்ப்போமே, அது. இன்னொன்று வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ளது. இதைத்தான் மறந்துவிடுகிறோம். ஹெட்டைச் சீவினால் இது குறையும். கேம் கிராங்குக்கு அருகே இறங்குவதால் டைமிங்கும் கொஞ்சம் பின்தங்கும். எக்ஸாஸ்ட் வால்வு தாமதமாக மூட, மேலேறும் பிஸ்டன் அதைத் துரத்திப் பிடிக்கும். அதிக ஆர்பிஎம்மில் ஸ்பிரிங் பிடி விட்டால் கேட்கவே வேண்டாம். வால்வு உடைந்து என்ஜின் இறுகினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். விழுவது வண்டி மட்டுமல்ல.

இதற்கு மருந்து குழந்தைகள் விளையாடும் களிமண். பிஸ்டனில் வால்வு இறங்கும் இடத்தில் அதை ஒட்டி, வால்வில் எண்ணெய் தடவி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை முறுக்கணும். டைமிங் செயின், டேப்பட் எல்லாம் சரியாக வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றணும். எங்காவது தட்டினால் அழுத்தாமல் நிறுத்திவிடணும். பிறகு களிமண்ணை பிளேடால் வெட்டி, மெலிந்த இடத்தை அளக்கணும். பொதுவாக இன்டேக்கில் 1.5 மி.மீ., சூடேறி நீளும் எக்ஸாஸ்ட்டில் 2 மி.மீ. இருந்தால் நிம்மதி.

புது வால்வு போட்டு, பிஸ்டன் பாக்கெட்டை ஆழப்படுத்தி, அண்ணனே அளந்தார். 2.1. "இத்தன வருஷம் இதுக்குத் தேவையே வரல தம்பி" என்றார்.

உண்மைதான்.