அணு மருந்தகம்: பார்மசிக்கு விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்கலாமா?

பார்மசிஸ்ட் என்றால் நம்மில் பலருக்குத் தெரிந்தது இரண்டு இடம்தான்: அரசு மருத்துவமனையில் நம்பர் எடுத்துக் காத்திருக்கும் கவுண்டர், கடை வரிசையில் இருக்கும் பார்மசி. சுங்கை சிப்புட், சிம்மோர் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தாத்தா பாட்டியைக் கேட்டால் 'டிரஸ்ஸர்' என்பார்கள். தோட்டத்து மருந்து அவர் கையில்தான் இருந்தது. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை "நான் நியூக்ளியர் பார்மசி பக்கம் போகணும்" என்றால் கேள்விகள் வரத்தான் செய்யும்.

அங்கே என்ன வேலை?

உடலுக்குள் ஓர் உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று ஸ்கேன் எடுக்க, மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். அந்த மருந்தைத் தயாரித்து, அளந்து, தரம் பார்த்துக் கொடுப்பதே அணு மருந்தகத்தின் வேலை. அதிகம் பயன்படுவது டெக்னீசியம்-99எம். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது காலை 8 மணிக்கு 40 அளவு இருந்தால் மதியம் 2 மணிக்கு 20தான் மிஞ்சும். எனவே நோயாளிக்கு எத்தனை மணிக்கு ஊசி என்று தெரியாமல் மருந்தைக் கலக்கவே முடியாது.

இந்த டெக்னீசியம், மோலிப்டினம்-99 வைத்த ஒரு ஜெனரேட்டரில் ஊறிக்கொண்டே இருக்கும். உப்புநீரைச் செலுத்தி எடுத்தால் மறுநாள் மீண்டும் சேர்ந்துவிடும். ஆங்கிலத்தில் இதைப் பால் கறப்பது என்பார்கள். நம்ம ஊருக்கு ரப்பர் மரத்தில் பால் எடுப்பது என்றால் இன்னும் பொருந்தும். இதுவும் காலையிலேயே தொடங்கும் வேலை.

எப்படிப் போவது?

யுபியு-வில் இந்தப் பெயரில் இளங்கலைப் பட்டம் தேட வேண்டாம். முதலில் நான்கு ஆண்டு பார்மசி பட்டம். ஈப்போவிலேயே யுனிகேஎல் ராயல் மருத்துவக் கல்லூரியும் குவெஸ்ட் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பினாங்கில் யுஎஸ்எம், கெடாவில் எய்ம்ஸ்ட். எதில் சேர்ந்தாலும், அந்தப் பட்டத்துக்கு மலேசிய பார்மசி வாரியத்தின் அங்கீகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள். பிறகு ஓராண்டுப் பயிற்சி, முழுப் பதிவு, கட்டாயச் சேவை. அணு மருந்தகம் இதற்கெல்லாம் பிறகுதான். பினாங்கு மருத்துவமனை, புத்ராஜெயா தேசிய புற்றுநோய்க் கழகம் போன்ற சில இடங்களில்தான் அந்த வேலை இருக்கிறது.

அமெரிக்காவில் 1978-லேயே இது பார்மசியின் முதல் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. இங்கே இடங்கள் குறைவு. 2016 இறுதியில் ஒப்பந்த முறை வந்த பிறகு அரசில் நிரந்தரப் பணியும் தானாகக் கிடைப்பதில்லை. ஆகவே நேர்முகத்தில் "இது மட்டும்தான் வேணும்" என்று நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. "மருந்துகளில் எனக்கு ஆர்வம், அதில் இந்தத் துறையைப் பற்றிப் படித்திருக்கிறேன்" என்று சொல்லி, அரை ஆயுள் கணக்கு ஒன்றை விளக்க முடிந்தால் போதும். எஸ்பிஎம்மில் இயற்பியலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

"கதிர்வீச்சா? வேணாம்பா"

ஈப்போக்காரர்கள் இப்படிச் சொல்வதற்கு வரலாறு இருக்கிறது. பக்கத்துப் புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982-ல் இயங்கத் தொடங்கியது. வெள்ளீயச் சுரங்கக் கழிவு மணலிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தபோது, தோரியம் கலந்த கழிவு மிஞ்சியது. மக்கள் 1985-ல் வழக்குத் தொடுத்தார்கள். 1992-ல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்த உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனாலும் 1994-ல் ஆலை மூடப்பட்டது. அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது.

ஆனால் அப்பா அம்மாவிடம் காட்ட இரண்டு எண்கள் உண்டு. தோரியம்-232-இன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். டெக்னீசியத்துக்கு 6 மணி நேரம். அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லிவிடக்கூடாது. ஈயத் தடுப்புக்குப் பின்னால்தான் வேலை, உடம்பில் வாங்கும் அளவைப் பதியும் பேட்ஜை அணிந்தே இருக்க வேண்டும். மலேசியச் சட்டப்படி ஊழியருக்கு ஆண்டு வரம்பு 20 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு 1. கர்ப்பிணி ஊழியர்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு.